ஓர் ஐயர், ஓர் அகதிப் பிள்ளை, ஓர் இசைத்தட்டு



நான் இங்கே வழமையாக எழுதுவது கோப்பிக்காலம், கங்காணிமார், ரயில் பாதை என்று நம்மூர்ச் சங்கதிகள். இன்றைக்கு ஒரு ஜாஸ் இசைத்தட்டைப் பற்றி எழுதுகிறேன். "சேருக்கு என்ன பிடித்துவிட்டது?" என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுத்து வாசியுங்கள். கதை அமெரிக்காவில் நடந்தாலும் நம் லயத்து வாசலைத் தொட்டுத்தான் போகும்.

இசைத்தட்டின் பெயர் ‘ஹிஸ்டோரிசிட்டி’. வரலாற்றுத்தன்மை என்று தமிழில் சொல்லலாம். ஒரு பொருள் தான் வந்த காலத்தையும் வழியையும் தன் மேலேயே சுமந்துகொண்டிருப்பது. 2009ஆம் ஆண்டு ஒக்டோபரில் ஆக்ட் என்ற ஜெர்மன் நிறுவனம் வெளியிட்டது. வாசித்தவர்கள் மூன்றே பேர். பியானோவில் விஜய் ஐயர், டபுள் பேஸில் ஸ்டீபன் க்ரம்ப், டிரம்ஸில் மார்கஸ் கில்மோர்.

ஜாஸ் கேட்டுப் பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு விளக்கம். டபுள் பேஸ் என்பது ஆள் உயரத்துக்கு நிற்கும் வயலின் மாதிரி. ஜாஸில் பெரும்பாலும் விரலால் மீட்டுவார்கள். பியானோ, பேஸ், டிரம்ஸ் மூன்றும் சேர்ந்தால் அதுதான் பியானோ மூவர் அணி. பாடகர் கிடையாது. எல்லோருக்கும் தெரிந்த ஒரு மெட்டை முதலில் வாசிப்பார்கள். பிறகு அந்த மெட்டின் சட்டத்துக்குள்ளேயே, அந்த நிமிடத்தில் மனதில் வருவதைக் கட்டிக்கொண்டு போவார்கள். நம் கச்சேரிகளில் வரும் கற்பனைஸ்வரம் போல என்றால் முக்கால்வாசி சரி.

இந்த மூவர் அணிக்குப் பேர்போன பழைய இசைத்தட்டு ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் விஜய் ஐயருக்குப் போக முடியாது. சொல்ல எனக்கு ஆசையும் உண்டு.

1958 ஜனவரி 16. சிக்காகோ நகரின் தெற்கே, கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதியில் இருந்த பெர்ஷிங் ஹோட்டல். அங்கே ஒரு மூவர் அணி வாசித்ததை ஒலிப்பதிவு செய்தார்கள். 43 உருப்படிகள் பதிவாகின. அவற்றில் எட்டை மட்டும் பொறுக்கி வெளியிட்டார்கள். பியானோ வாசித்தவர் பெயர் அகமது ஜமால். ஆம், நம்மவர் பெயர்தான். 1930இல் பிட்ஸ்பர்க்கில் பிறந்தபோது வைத்த பெயர் பிரெடரிக் ரஸல் ஜோன்ஸ். இருபது வயதளவில் இஸ்லாத்தை ஏற்றுப் பெயரை மாற்றிக்கொண்டார். அந்தக் காலத்து ஜாஸ் கலைஞர்களிடம் இஸ்லாம் பெரும்பாலும் அஹ்மதியா பிரசாரகர்கள் வழியாகப் போய்ச் சேர்ந்தது. அந்தக் கொள்கை விவாதத்தையும், இசை கூடுமா கூடாதா என்ற பஞ்சாயத்தையும் ஆலிம்களிடம் விட்டுவிடுகிறேன். நான் வரலாறு மட்டும் சொல்கிறேன்.

எல்லோரும் விரல் வேகத்தைக் காட்டிக்கொண்டிருந்த காலம் அது. ஜமால் நிறைய இடத்தை வாசிக்காமலே விட்டார். நான்கு சுரம் தொட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொள்வார். அந்த வெற்றிடத்தில் பேஸும் டிரம்ஸும் கேட்கும். இது ஹோட்டலில் சாப்பிடும்போது பின்னால் ஓடும் இசைதானே என்று சில விமர்சகர்கள் ஒதுக்கினார்கள். ஜனங்கள் ஒதுக்கவில்லை. இரண்டு வருடத்துக்கு மேல் அந்தத் தட்டு விற்பனைப் பட்டியலை விட்டு இறங்கவில்லை. மைல்ஸ் டேவிஸ் போன்ற பெரிய ஆளே ஜமாலிடம் படித்ததாக வெளிப்படையாகச் சொன்னார். அதில் ‘பாயின்சியானா’ என்று எட்டு நிமிட உருப்படி ஒன்று. அந்தப் பெயர் வேறொன்றும் இல்லை, கீழே வெப்பமான ஊர்களில் மே மாதம் சிவக்கச் சிவக்கப் பூக்கிறதே, அந்த மயில்கொன்றை. டிரம்ஸ் வாசித்த வேர்னல் ஃபோர்னியேயும் பிற்காலத்தில் இஸ்லாத்துக்கு வந்தார். ஜமால் பிறகு சிக்காகோவிலேயே அல்ஹம்பிரா என்ற பெயரில் ஓர் இசைக்கூடமும் உணவகமும் திறந்தார். மது கிடையாது! ஜாஸ் கூடம், மது இல்லை. நீண்ட காலம் ஓடவில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை. 2023 ஏப்ரலில், 92 வயதில், றமழான் மாதத்தில் அவர் வஃபாத்தானார்.

பெர்ஷிங் பதிவு நடந்த அதே 1958இல் அமெரிக்க அரசாங்கம் டேவ் புரூபெக் என்ற பியானோக்காரரின் குழுவை நல்லெண்ணப் பயணமாக ஆசியாவுக்கு அனுப்பியது. சென்னைக்கும் வந்தார்கள், இலங்கைக்கும் வந்தார்கள். 1963இல் டியூக் எலிங்டன் தன் பெரிய வாத்தியக் குழுவோடு கொழும்புக்கு வந்தார். அந்த நவம்பரில் குழு துருக்கியில் இருந்தபோது ஜனாதிபதி கென்னடி சுடப்பட்டார். பயணம் பாதியில் நின்றது.

இந்த வருடங்களை வரலாறு படித்தவர்கள் கவனிக்க வேண்டும். எலிங்டன் அமெரிக்காவின் பெருமையாகக் கொழும்பில் வாசித்தபோது, அவருடைய நாட்டின் தெற்கு மாநிலங்களில் கறுப்பின மக்கள் வாக்குரிமைக்கே போராடிக்கொண்டிருந்தார்கள். சிவில் உரிமைச் சட்டம் வந்தது 1964இல்தான். இங்கே கொழும்பிலிருந்து ஒரு ரயில் தூரத்தில், ஏற்றுமதி வருமானத்தைச் சுமந்த நம் தோட்டத்து மக்கள் 1948 சட்டத்தால் நாடற்றவர்களாக நின்றார்கள். 1964 ஒக்டோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்குப் போட்டுப் பிரித்தது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, 1,50,000 பேர் பிறகு பார்க்கலாம். பிறகு பார்க்கலாம் என்று மனிதர்களை ஒதுக்கிவைத்த அந்தக் கணக்கை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் பிள்ளைகள் அமைதியாகிவிடுவார்கள்.

இனி விஜய் ஐயர்.

1971இல் நியூயோர்க் மாநிலத்தில் பிறந்தவர். பெற்றோர் இந்தியாவிலிருந்து போன தமிழர்கள். மூன்று வயதில் வயலின் படிக்கத் தொடங்கி, மேற்கத்திய முறையில் பதினைந்து வருடம் படித்தார். பியானோவை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. தட்டித் தட்டித் தானே பழகியது. யேல் பல்கலைக்கழகத்தில் கணிதமும் பௌதிகமும். பௌதிகத்தில் கலாநிதிப் பட்டம் எடுக்கவென்று கலிஃபோர்னியாவின் பெர்க்லிக்குப் போனவர், அங்கே ஓக்லண்ட் பகுதியின் கறுப்பினக் கலைஞர்களோடு வாசிக்கத் தொடங்கினார். பௌதிகம் பின்னால் போனது. ஸ்டீவ் கோல்மன் என்ற சாக்ஸபோன் கலைஞர் தன் குழுவில் சேர்த்துக்கொண்டார். 1998இல் கலாநிதிப் பட்டம் வாங்கினார், ஆனால் அது இசையை உடல் எப்படி உணர்கிறது என்பதைப் பற்றிய ஆய்வுக்கு.

பெயரைப் பார்த்தவுடன் நம் ஆட்களுக்கு ஒரு கேள்வி வரும் என்று தெரியும். ஐயர் என்பது பெயரா, சாதியா? தமிழ்நாட்டில் பலர் விட்டுவிட்ட வால் அது. அமெரிக்காவில் அதுவே குடும்பப் பெயராக நின்றுவிட்டது. அங்கே அதை உச்சரிக்கத் தெரியாமல் தடுமாறுகிறவர்களுக்கு அதன் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாது. நமக்குத் தெரியும். அதனால்தான் அவரை உடனே ‘நம்ம தமிழன்’ என்று கொண்டாடுவதற்கு முன் இரண்டு கப்பல்களைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்கிறேன்.

1820களில் தொடங்கி திருச்சி, சேலம், தஞ்சாவூர், மதுரைப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து, பெரும்பாலும் நிலமில்லாத ஒடுக்கப்பட்ட சாதி மக்கள் இந்த மலைக்கு வந்தார்கள். மன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டுவழியாக நடந்தார்கள். வழியில் செத்தவர்களுக்குக் கணக்கில்லை. அமெரிக்கா 1965இல் தன் குடிவரவுச் சட்டத்தைத் திருத்தி, ஆசியாவிலிருந்து படித்தவர்களுக்குக் கதவைத் திறந்தது. அதே தமிழ் நிலத்திலிருந்து வைத்தியர்களும் பொறியியலாளர்களும் விஞ்ஞானிகளும் அந்தக் கதவால் போனார்கள். ஒரு கூட்டம் துண்டுச்சீட்டோடு போனது, ஒரு கூட்டம் பட்டத்தோடு போனது. இரண்டையும் ‘புலம்பெயர்ந்த தமிழர்’ என்ற ஒரே சொல்லில் போட்டுக் கட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை.

விஜய் ஐயரை நான் மதிப்பதற்குக் காரணம், இதை அவரே பேசியதுதான். 2014இல் தான் படித்த யேலில், ஆசிய அமெரிக்கப் பட்டதாரிகள் கூடிய சபையில் ஓர் உரை ஆற்றினார். நாம் இங்கே வென்றிருக்கிறோம், ஆனால் நாம் வென்ற இந்த அமைப்புத்தான் கறுப்பின மக்களை நசுக்குகிறது, அந்த வெற்றியில் நமக்கும் உடந்தை இருக்கிறது என்பதுதான் அதன் சாரம். கைதட்டுவதற்காகக் கூடிய சபையில் இப்படிப் பேசுவது லேசுப்பட்ட காரியமில்லை. தன் இசை யாரிடமிருந்து வந்தது, அவர்களிடம் தனக்கு என்ன கடன் என்பதைக் கணக்கு வைத்திருக்கிற ஆள்.

‘ஹிஸ்டோரிசிட்டி’யைக் கேட்டால் அந்தக் கணக்குப் புத்தகம் திறந்தே இருப்பது தெரியும். பத்து உருப்படிகள். நான்கு அவருடையவை. ஆறு மற்றவர்களுடையவை. பெர்ன்ஸ்டைனின் மேடை நாடகப் பாட்டு ஒன்று, ஸ்டீவி வொண்டரின் பாட்டு ஒன்று, அண்ட்ரூ ஹில், ஜூலியஸ் ஹெம்ப்ஹில் என்ற இரண்டு கறுப்பின மேதைகளின் ஆக்கங்கள், ரோனி ஃபொஸ்டரின் ‘மிஸ்டிக் ப்ரூ’. ஆறாவதுதான் நம்மை நிமிரவைப்பது. அதன் பெயர் ‘கலாங்’.

கலாங் எம்.ஐ.ஏ.யின் பாட்டு. மாதங்கி மாயா அருள்பிரகாசம். 2009இல் ஏ.ஆர். ரஹ்மானோடு சேர்ந்து ஒஸ்கார் பரிந்துரை பெற்றாரே, அவர்தான். 1975இல் லண்டனில் பிறந்து, ஆறு மாதக் குழந்தையாக யாழ்ப்பாணம் வந்து, யுத்தம் மூண்ட பிறகு தாயோடும் உடன்பிறந்தவர்களோடும் அகதியாக மீண்டும் லண்டன் போனவர். அங்கே தென்லண்டனில் ஓர் ‘எஸ்டேட்’டில் வளர்ந்தார். தேயிலை இல்லாத எஸ்டேட். அரசாங்கம் ஏழைகளுக்குக் கட்டிக்கொடுத்த அடுக்குமாடிகளை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். தந்தை அருளர், 1975இல் லண்டனில் ஈரோஸ் இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். மலையக மக்களையும் தன் கணக்கில் சேர்த்துப் பேசிய இயக்கம் அது. அதன் சரி பிழைகளை நம் மூத்தவர்கள் அறிவார்கள், அது தனிப் பதிவுக்குரியது.

கலாங் முதலில் 2003இல் வந்தது. கணினியில் தட்டிய தாளம், ஜமைக்கா பேச்சு, லண்டன் தெருக் குரல். ‘கலாங்’ என்பதே ஜமைக்காக்காரர் பேச்சில் ‘போய்க்கிட்டே இரு’ என்ற மாதிரி ஒரு சொல். யாழ்ப்பாணத்துப் பிள்ளை கறுப்பினத்தவரின் பேச்சையும் தாளத்தையும் எடுத்துத் தன் கதையைச் சொன்னது. ஆறு வருடம் கழித்து அமெரிக்காவில் வளர்ந்த இன்னொரு தமிழர் அதை எடுத்து, பாட்டு வரிகள் இல்லாமல், கணினி இல்லாமல், மரமும் கம்பியும் தோலும் வைத்து வாசித்தார். தட்டில் அதற்கு ‘மூவர் கலவரப் பதிப்பு’ என்ற அர்த்தத்தில் பெயர் போட்டிருக்கிறது. பொருத்தமான பெயர். பியானோவை இங்கே தாளவாத்தியமாகவே பாவிக்கிறார். இடது கை இடிக்கிறது, டிரம்ஸ் விடாமல் துரத்துகிறது, மூச்சு வாங்குவதற்குள் முடிந்துவிடுகிறது.

அந்த வருடம் 2009. மே மாதம் முள்ளிவாய்க்காலில் என்ன நடந்தது என்று சொல்லத் தேவையில்லை. ஒக்டோபரில் இந்தத் தட்டு வருகிறபோது முட்கம்பிக்குள் மக்கள் இருந்தார்கள். இதை ஓர் அரசியல் பாட்டு என்று நான் சொல்லவில்லை. ஆனால் வரலாற்றுத்தன்மை என்று பெயர் வைத்த தட்டில், இலங்கைத் தமிழ் அகதி ஒருத்தியின் பாட்டு, அமெரிக்க இசையின் பெரிய பெயர்களுக்குப் பக்கத்தில், அதே மரியாதையோடு உட்கார்ந்திருக்கிறது.

மாயாவின் பேச்சுகளில் எனக்கு உடன்பாடில்லாதவை உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் விரட்டப்பட்டதும் அகதிக் கதைதான். புத்தளத்து முகாம்களில் வளர்ந்த பிள்ளைகளுக்கு உலக மேடை கிடைக்கவில்லை. அந்தக் கதை அவர் வாயால் வந்து நான் கேட்டதில்லை. அதற்காகக் கலாங் மோசமான பாட்டாகிவிடாது.

இனி ‘மிஸ்டிக் ப்ரூ’. நான் அதிகம் கேட்டது இதைத்தான். ரோனி ஃபொஸ்டர் 1972இல் ஓர்கனில் வாசித்தது மூலம். 1993இல் எ ட்ரைப் கோல்ட் குவெஸ்ட் என்ற ராப் குழு அதிலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுத்துத் தன் பாட்டுக்கு அடித்தளமாக வைத்தது. அந்தக் குழுவின் டீஜே அலி ஷஹீத் முஹம்மத், ஒரு முஸ்லிம். ராப் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு அந்தத் துண்டு மனப்பாடம். விஜய் ஐயர் அதைத் திரும்பவும் மூன்று வாத்தியத்துக்குக் கொண்டுவந்தபோது உள்ளே ஒரு கணக்கை ஒளித்துவைத்தார். நம் கணித சேர்மார் கவனிக்கவும்.

தமிழ் இலக்கணத்தில் குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு மாத்திரை. மொத்தம் மூன்று மாத்திரை வரும்படி குறில் நெடிலை எத்தனை விதமாக அடுக்கலாம்? மூன்று விதம். நான்கு மாத்திரைக்கு? ஐந்து விதம். ஐந்துக்கு எட்டு விதம், ஆறுக்குப் பதின்மூன்று. கடைசி இரண்டையும் கூட்டினால் அடுத்தது வரும். 12ஆம் நூற்றாண்டில் குஜராத்தில் வாழ்ந்த சமண அறிஞர் ஹேமச்சந்திரர் செய்யுள் இலக்கணத்துக்காக இந்தக் கணக்கை எழுதிவைத்தார். ஐரோப்பாவில் இதைச் சொன்னவர் பீசா நகரத்து லியனார்டோ, அதாவது ஃபிபொனாச்சி, 1202இல். அவர் இந்திய - அரபு இலக்கங்களைப் படித்தது வட ஆபிரிக்காவில், இன்றைய அல்ஜீரியாவின் துறைமுக நகரமான பெஜாயாவில். பாடப்புத்தகத்தில் ஃபிபொனாச்சி மட்டும்தான் இருக்கிறார், மற்றவர்களை நாம்தான் வாயால் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

‘மிஸ்டிக் ப்ரூ’வில் ஒரு நீண்ட அடியும் ஒரு குறுகிய அடியும் மாறி மாறி வருகின்றன. அவற்றின் நீளங்கள் இந்த எண்களின் விகிதத்தில் இருக்கின்றன. 5க்கு 3, 8க்கு 5, 13க்கு 8. வகுத்துப் பாருங்கள்: 1.667, 1.6, 1.625. எல்லாம் ஏறக்குறைய ஒன்று. அதனால் வாத்தியக்காரர் ஒரு விகிதத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது, தாளம் மாறியது மண்டைக்குத் தெரிவதில்லை, ஆனால் கால் தடுமாறுகிறது. இதை அவரே இங்கிலாந்தின் கார்டியன் பத்திரிகையில் விளக்கி எழுதினார். ஒரு தரம் 9 வகுப்பில் இதைக் கைத்தொலைபேசியில் போட்டு மேசையில் தட்டச் சொன்னேன். பாதிப்பேர் மூன்றாவது சுற்றில் தவறினார்கள். கடைசி வாங்கில் ஒரு பையன் மட்டும் தவறாமல் தட்டிக்கொண்டே போனான். எங்கே பழகினாய் என்று கேட்டால் பதில் இல்லை. அவனுடைய தாத்தா தோட்டத்தில் தப்படிப்பவர் என்று பிறகு வேறொரு பிள்ளை வந்து என்னிடம் இரகசியம் போலச் சொன்னது.

இரகசியம் போல! சாவு வீட்டுக்கும் திருவிழாவுக்கும் காமன் கூத்துக்கும் அந்தத் தப்பு இல்லாமல் இந்த மலையில் எதுவும் நடக்காது. விடியற்காலையில் சனங்களைப் பெரட்டுக்கு எழுப்பியதும் அதுதான். ஆனால் அடிக்கிறவருடைய பேரன் அதை வகுப்பில் சொல்லமாட்டான். ஏன் என்று இந்தப் பக்கத்தை வாசிக்கிற எல்லோருக்கும் தெரியும். முஸ்லிம் வாத்தியார் எங்கள் சாதிக் கதையைப் பேசுகிறாரே என்று யாரும் கோபிக்க வேண்டாம். அவன் என் மாணவன்.

மார்கஸ் கில்மோரும் ஒரு பேரன்தான். இந்தத் தட்டில் டிரம்ஸ் வாசிக்கிற அந்த இளைஞரின் தாத்தா ரோய் ஹேன்ஸ், சார்லி பார்க்கர் காலத்திலிருந்து வாசித்த பெரிய டிரம்ஸ் கலைஞர். 2024 நவம்பரில் 99 வயதில் காலமானார். கில்மோரைப் பற்றி யார் எழுதினாலும் ரோய் ஹேன்ஸின் பேரன் என்றுதான் தொடங்குகிறார்கள்.

தட்டுக்குக் கிடைத்த மரியாதையையும் சொல்லிவிடுகிறேன். வில்லேஜ் வொய்ஸ் பத்திரிகை விமர்சகர்களிடம் நடத்திய வாக்கெடுப்பில் 2009ஆம் ஆண்டின் முதலிடம். பிறகு கிராமி பரிந்துரை. விஜய் ஐயருக்கு 2013இல் மெக்ஆர்தர் விருது, அடுத்த வருடம் ஹார்வர்டில் பேராசிரியர் பதவி. இப்போது அவருடைய மூவர் அணியில் வேறு இரண்டு பேர். பேஸ் வாசிப்பது லிண்டா மே ஹான் ஓ என்ற பெண். அந்தத் தட்டுகளும் நல்லவைதான், ஆனால் எனக்கு 2009தான்.

கேட்க விரும்புகிறவர்கள் யூடியூப்பில் தேடலாம். முதலில் ஜமாலின் ‘பாயின்சியானா’, பிறகு ‘மிஸ்டிக் ப்ரூ’. காது கொஞ்சம் பழகிய பிறகு ‘கலாங்’. முதல் தடவையிலேயே கலாங்கைப் போட்டால் வீட்டில் ஏசுவார்கள்.

எனக்கும் ஓர் உதவி வேண்டும். அட்டன், நோர்வூட், பொகவந்தலாவை, தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டங்களில் தப்படிக்கிற பெரியவர்களைத் தெரிந்தவர்கள், எந்தக் காரியத்துக்கு எந்த அடி, அதற்கு அவர்கள் வழங்கும் பெயர் என்ன என்று கேட்டுக் குரல் பதிவாக அனுப்புங்கள். பெயர் போட விருப்பமென்றால் அவர்கள் பெயரோடு சேர்த்துவைக்கிறேன். சாவு அடியும் காமன் கூத்து அடியும் ஓரளவு சேர்ந்துவிட்டன. பெரட்டுக்கு அடித்த அடி இன்னும் கிடைக்கவில்லை. அதைக் காதால் கேட்டு எழும்பியவர்கள் இப்போது எழுபது வயதைத் தாண்டியவர்கள், ஆகவே கொஞ்சம் சீக்கிரமாக.